முதல் அழுத்தலில் எழாத கணினி

இருப்பாய்வின் பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் ஒத்துப்போகாத நாளில், தேர்ந்த கணக்கர் உடனே எல்லாப் பேரேடுகளையும் புரட்டுவதில்லை. முதலில் வேறுபாட்டுத் தொகையைப் பார்க்கிறார். அது 9 ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கேனும் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று ஐயுறுகிறார். 54 என்பதை 45 என்று எழுதினால் வேறுபாடு 9 அல்லவா? வேறுபாட்டில் சரிபாதித் தொகை ஏதேனும் ஒரு பதிவில் காணப்பட்டால், அது பக்கம் மாறி ஏறியிருக்கக்கூடும். பிழையின் தன்மையே அதன் இருப்பிடத்தை ஓரளவு காட்டிக்கொடுக்கிறது. வணிகவியல் வகுப்பில் கற்ற இப்பாடத்தை, வீட்டில் ஒரு கணினி பழுதானபோது நாங்கள் மறந்துபோனோம். அந்த மறதியின் விலை 6,000 ரூபாய்.

நிகழ்ந்தது என்ன?

மகளின் பொறியியல் படிப்புக்காக, உதிரிபாகங்களைத் தனித்தனியே வாங்கி ஒரு மேசைக் கணினியைப் பூட்டினோம். முதல் நாள் மாலை நன்றாகவே இயங்கியது. மறுநாள் காலை பொத்தானை அழுத்தியபோது விசிறிகள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன. திரை மட்டும் இருண்டே கிடந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மீண்டும் முயன்றோம். மூன்றாம் முறை எழுந்தது. அதன்பின் அன்று முழுவதும் குறையில்லை. எத்தனை முறை மறுதொடக்கம் செய்தாலும் எழுந்தது. ஆனால் ஒவ்வொரு காலையும் இதே கதை.

"மூன்றாம் முறை எழுந்துவிடுகிறதே" என்று ஒரு வாரம் விட்டுவிட்டோம். காரணம் தெரியாத வேறுபாட்டை அனாமத்துக் கணக்கில் போட்டு ஏட்டை மூடுவது போன்றதே அது. அதற்குள் கடை தந்திருந்த 7 நாள் மாற்றுக் கெடு கடந்துபோயிற்று. பிறகு ஒருவர், "பவர் சப்ளை பலவீனமாக இருக்கும்" என்றார். சான்று எதுவும் கேளாமல் புதிதாக ஒன்றை வாங்கிப் பூட்டினோம். மறுநாள் காலையும் திரை இருண்டே இருந்தது.

ஏடு தொடங்கினோம்

அன்று மகள் ஒரு குறிப்பேட்டை எடுத்துக் கோடு கிழித்தாள். தேதி, எத்தனை மணி நேரம் அணைந்திருந்தது, எத்தனையாவது அழுத்தலில் எழுந்தது, தாய்ப்பலகையில் எந்த விளக்கு எரிந்து நின்றது, என்ன மாற்றம் செய்தோம் என ஐந்து பத்திகள். பத்தே நாளில் பழுதின் தன்மை தெளிவாயிற்று. ஆறு மணி நேரத்துக்கு மேல் அணைந்திருந்தால் மட்டுமே தடுமாற்றம். மறுதொடக்கத்தில் ஒருமுறைகூட இல்லை. தடுமாறிய காலைகளில் எல்லாம் ரேம் எனப்படும் நினைவகத்துக்குரிய விளக்கே எரிந்து நின்றது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. நெடுநேரம் அணைந்திருந்த கணினி எழும்போது, தாய்ப்பலகை நினைவகத்தோடு பேச வேண்டிய வேகத்தையும் நேர இடைவெளிகளையும் சரிபார்த்துக்கொள்கிறது. அப்போது பாகங்கள் குளிர்ந்திருக்கின்றன. மறுதொடக்கத்திலோ மின்சாரம் முழுதாக அறுவதில்லை. பாகங்களும் வெதுவெதுப்பாகவே உள்ளன. ஆகவே, விளிம்பு நிலையில் இயங்கும் ஒரு பாகம் காலையில் தோற்று, பகலில் தேறிவிடும். டிடிஆர்5 வகை நினைவகம் உள்ள புதிய கணினி, முதன்முறை எழும்போது சில நிமிடங்கள் திரை இருண்டிருப்பது இயல்பே. அப்போது பொறுமையிழந்து அணைத்தால் அந்தச் சரிபார்ப்பு முதலிலிருந்து தொடங்கும்.

சோதிக்கும் வரிசை

செலவில்லாதவற்றை முதலில் செய்க. ஒரு காலைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்க. இரண்டை ஒருங்கே மாற்றினால், எது தீர்த்தது என்று அறிய வழியில்லை.

1. தயாரிப்பாளரின் சின்னம் தோன்றுமுன் திரை இருள்கிறதா, தோன்றிய பின்னா என்று பாருங்கள். பின்னர் எனில் விண்டோஸ் அல்லது சேமிப்பகத்தைச் சோதிக்க வேண்டும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியை நிறுத்தி வைத்தால், அணைப்பது முழுமையான அணைப்பாக இருக்கும். காலைதோறும் கடிகாரமும் தேதியும் பின்னோக்கிப் போயிருந்தால், தாய்ப்பலகையின் 3 வோல்ட் நாணய மின்கலத்தைப் பாருங்கள்.

2. சுவரில் மின்சாரத்தை நிறுத்திய பின், தாய்ப்பலகைக்குச் செல்லும் 24 முனை இணைப்பையும், செயலிக்கான 8 முனை இணைப்பையும் கழற்றி முழுதாக அழுத்திப் பூட்டுங்கள். நீட்டிப்புப் பலகையைத் தவிர்த்து, சுவர்ச் செருகியில் நேராக இணைத்துப் பாருங்கள்.

3. நினைவகத் தகடுகளைக் கழற்றி, 'கிளிக்' என்ற ஒலி வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். நான்கு இடமுள்ள பெரும்பாலான பலகைகளில், இரு தகடுகளுக்குரியவை செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாம், நான்காம் இடங்கள். கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

4. பயாஸ் அமைப்பில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்னும் அதிவேக அமைப்பை நிறுத்தி, இயல்பு வேகத்தில் மூன்று காலைகள் பாருங்கள்.

5. ஒரே இடத்தில் ஒரு தகடு மட்டும், பிறகு மற்றது மட்டும் என மாற்றி மாற்றிப் பொருத்திச் சோதியுங்கள்.

6. பயாஸைப் புதுப்பிக்குமுன் கோப்புகளுக்குப் படி எடுத்து, பிட்லாக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். புதுப்பித்த பின் கணினி அதைக் கேட்கக்கூடும். மின்வெட்டு நேராதபடி யூ.பி.எஸ். இணைப்பில் செய்வதே நன்று.

7. பவர் சப்ளையை ஐயுற்றால் இரவல் பெற்றுச் சோதியுங்கள். அதன் பிறகே வாங்குங்கள். அதன் பெட்டியை ஒருபோதும் திறக்க வேண்டாம். இணைப்பை நீக்கிய பின்னும் உள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

கணக்கு நேரானது

எங்கள் ஏட்டில் நான்காம் படி முதல் வெளிச்சம் தந்தது: இயல்பு வேகத்தில் மூன்று காலைகளும் முதல் அழுத்தலிலேயே எழுந்தது. அதிவேக அமைப்பைத் திரும்ப இட்டு ஐந்தாம் படியைச் செய்தபோது, ஒரு தகடு தனியாகவும் தடுமாறியது, மற்றது தடுமாறவில்லை. பயாஸைப் புதுப்பித்த பின்னும் அத்தகட்டின் தடுமாற்றம் நீங்கவில்லை. கெடு கடந்ததால் கடைக்காரர் கைவிரித்தார். ஆயினும் தயாரிப்பாளரின் உத்தரவாதம் எஞ்சியிருந்தது. விலைச்சீட்டோடு குறிப்பேட்டின் படியையும் சேவை மையத்தில் கொடுத்தோம். பழுது காலையில் மட்டுமே தோன்றுவதால், மையத்தில் பகலில் சோதித்தால் "குறையில்லை" என்றே திரும்பி வந்திருக்கும். ஏட்டைப் படித்த பின்னரே, ஓர் இரவு அணைத்து வைத்துக் காலையில் சோதித்தார்கள். இணையாக விற்கப்பட்டவை என்பதால் இரு தகடுகளும் மாற்றித் தரப்பட்டன.

ஆகவே வாசகர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுவே. ஒவ்வொரு பாகத்தின் விலைச்சீட்டையும் வரிசை எண்ணையும் ஓர் உறையில் சேர்த்து, மாற்றுக் கெடு முடியும் நாளை உறையின் மேல் எழுதுங்கள். பழுது தோன்றிய முதல் காலையே ஏட்டைத் தொடங்குங்கள்; கெடு முடியுமுன் கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். உரிய உத்தரவாதம் மறுக்கப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் முறையிடலாம்.

தேவையின்றி வாங்கிய பவர் சப்ளை எங்கள் அலமாரியில் இருக்கிறது. அண்டை வீட்டார் யாருடைய கணினியேனும் காலையில் எழ மறுத்தால், சோதித்துப் பார்க்க இரவல் கொடுக்கிறோம். கூடவே கோடு கிழித்த ஒரு தாளையும்.