அத்தான் பூட்டிய பிளக்

மின்சாரம் கண்ணுக்குப் புலனாகாது. அதற்கு ஓசையில்லை, மணமில்லை. பால் வெட்டும் கத்தி கூரியது என்பதைக் கண்டவுடன் அறிகிறோம். கொதிக்கும் நீரை ஆவி கண்டு விலகுகிறோம். மின்கம்பியோ உயிருள்ளபோதும் உயிரற்றபோதும் ஒரே தோற்றத்துடன் இருக்கிறது. இவ்வுண்மையை நாம் ஏட்டிலே படித்திருந்தோம். அதன் பொருளை விளங்கிக்கொண்டது 2022ஆம் ஆண்டில், சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தில், நம் தமக்கையாரின் இல்லத்தில்தான்.

பிடோக்கின் பழைய அடுக்குமாடி வீடுகளில் பல 1970களில் எழுந்தவை. அவற்றில் ஒன்றைத்தான் அத்தான் விலைக்கு வாங்கிக் குடியிருக்கிறார். ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். அந்நாளில் தோட்டத்தின் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் ஓடும், பிறகு நிற்கும், லயமெங்கும் மண்ணெண்ணெய் விளக்குத்தான். அந்த ஜெனரேட்டர்க் கொட்டகையின் வாசலில் சிறுவனாக நின்று வேடிக்கை பார்த்ததையே தம் மின்சாரக் கல்வியாக அத்தான் கருதி வந்தார். "கூலி கொடுத்து ஆள் எதற்குத் தம்பி? நான் ஜெனரேட்டரோடு வளர்ந்தவன்" என்பார்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் நாம் அங்குச் சென்றிருந்தோம். சமையலறையில் ஒரே சுவர்ச் செருகியிலிருந்து ஒரு நீட்டிப்புப் பலகை புறப்பட்டு, அதில் நீர்க் கெண்டி, சோற்றுப் பானை, இஸ்திரிப் பெட்டி ஆகிய மூன்றும் தொங்கிக்கொண்டிருந்தன. பிளக் பழுப்பேறியிருந்தது. கணக்குப் பார்ப்போம். கெண்டி 2,200 வாட். சோற்றுப் பானை 700. இஸ்திரிப் பெட்டி 1,000. மொத்தம் 3,900 வாட். சிங்கப்பூரில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 17 ஆம்பியர் வருகிறது. அந்தப் பிளக்கோ 13 ஆம்பியருக்கென்றே செய்யப்பட்டது. அதனுள் இருந்த பியூஸ் ஒருநாள் உருகியபோது, அத்தான் அதன் மீது சாக்லெட் சுற்றிய ஈயத்தாளைச் சுற்றி மீண்டும் செருகிவிட்டார். பியூஸ் உருகுவது பழுதன்று. அதன் கடமையே அது. அது உருக மறுத்தால், அடுத்து உருகுவது சுவருக்குள் இருக்கும் கம்பியின் உறையாகும். இதை எடுத்துரைத்தோம். அத்தான் சிரித்தார்.

மறுநாள் மின்விசிறி. அது முனகுகிறது என்று ஒரு மர முக்காலியைப் போட்டு ஏறினார். முக்காலியை நாம் பிடித்துக்கொண்டோம். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தார், விசிறி நின்றது, "மின்சாரம் நின்றுவிட்டது" என்று முடிவு கட்டினார். விசிறி நின்றது உண்மை, மின்சாரம் நிற்கவில்லை. முன்பு அவ்வீட்டில் இருந்தவர் யாரோ கைவேலையாக இணைப்பு கொடுத்தபோது, மின்னோட்டக் கம்பியில் வைக்க வேண்டிய சுவிட்சை, மின்சாரம் திரும்பிச் செல்லும் நடுநிலைக் கம்பியில் வைத்துவிட்டார். வாய்க்காலின் தலைமடையை அடைக்காமல் கடைமடையை அடைத்தாற்போல, நீரோட்டம் நின்றது. நீர் அப்படியே நின்றிருந்தது. அத்தானின் விரல் கம்பியைத் தொட்டது. ஒரு கூச்சல்; முக்காலி சாய்ந்தது; அவர் நம் மீது விழுந்தார். அவருடைய முழங்கையிலும் நம் தோளிலும் காயம். பிரதான சுவிட்சை அணைக்காமல் விசிறியைத் தொட்டதற்கு அவ்வளவோடு போயிற்றே என்று அக்காள் சுவாமி அறைக்குச் சென்று விளக்கேற்றினார்.

இத்தோடு ஓய்ந்திருக்கலாம். ஆனால் பழுப்பேறிய அந்தப் பிளக்கை மாற்ற வேண்டும் என்று நாம் சொன்ன சொல் அத்தானின் மனத்தில் தங்கிவிட்டது. கடைக்குச் சென்று புதிய பிளக்குகள் வாங்கி வந்தவர், இஸ்திரிப் பெட்டியின் பிளக்கையும் சேர்த்து மாற்றினார். நாம் அவ்வேளையில் தோளுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தோம்.

பெட்டியின் வடத்தினுள் மூன்று கம்பிகள் இருந்தன: ஒன்று பழுப்பு, ஒன்று நீலம், ஒன்று பச்சையும் மஞ்சளும் கலந்தது. அத்தான் இளமையில் அறிந்தவை சிவப்பு, கறுப்பு, பச்சை. சிவப்பு மின்னோட்டக் கம்பி, கறுப்பு நடுநிலைக் கம்பி, பச்சை நிலக்கம்பி. இப்புதிய நிறங்களைக் கண்டு சற்றே திகைத்தவர், தாமே ஒரு விதி வகுத்தார். பழுப்பு என்பது மண்ணின் நிறம். ஆகவே அது மண்ணுக்குச் செல்லும் நிலக்கம்பி. மிஞ்சிய பச்சை-மஞ்சள், பளிச்சென்று இருப்பதால், மின்னோட்டக் கம்பி! கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறு. பழுப்புதான் மின்னோட்டக் கம்பி; நீலம் நடுநிலைக் கம்பி; பச்சை-மஞ்சளே நிலக்கம்பி. சாதனங்களின் வடங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் இந்நிறங்கள், சிங்கப்பூரில் வீடுகளின் சுவர்க் கம்பிகளுக்கும் 2009 மார்ச் 1 முதல் விதியாயின. ஆயினும் அதற்கு முன் கட்டிய வீடுகளில் சிவப்பும் கறுப்புமே சுவருக்குள் கிடக்கின்றன. அதைவிடக் கொடியது ஒன்றுண்டு: பழைய மும்முனை இணைப்பில் நீலம் உயிருள்ள கம்பி, புதிய முறையில் அது நடுநிலைக் கம்பி. கறுப்போ முன்பு நடுநிலை. புதிய மும்முனை முறையில் உயிருள்ளது. நிறத்தைக் கண்டு நெஞ்சறிந்ததாக எண்ணிக் கை வைப்பவர் நிலை என்னாகும்!

அத்தானின் விதிப்படி பூட்டிய பிளக் என்ன செய்தது என்பதைப் பொறுமையாகப் பார்ப்போம். நிலக்கம்பி இஸ்திரிப் பெட்டியின் உலோக உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். உள்ளே கசிவு நேர்ந்தால் அம்மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டு செல்வதே அதன் வேலை. அந்தக் கம்பியே இப்போது மின்னோட்ட முனையில் பூட்டப்பட்டதால், காக்க வந்த கம்பி 230 வோல்ட்டைப் பெட்டியின் உடலுக்கு நேரே கொண்டுவந்து சேர்த்தது. சூடேற்றும் சுருளோ நிலத்துக்கும் நடுநிலைக்கும் இடையில் அகப்பட்டது. அவற்றிடையே மின்னழுத்தம் இல்லாததால் பெட்டி சூடேறவில்லை. பெட்டி சூடாகவில்லையென்றால் ஒரு பெண்மணி என்ன செய்வார்? விரலை நனைத்து அடித்தகட்டைத் தொட்டுப் பார்ப்பார். அக்காளும் அதையே செய்தார்.

காலில் உலர்ந்த ரப்பர்ச் செருப்பு இருந்தது, தொட்டது புறவிரலால். அதனால் கை சுரீரென்று பின்வாங்கியது. அலறல் கேட்டு நாம் ஓடினோம். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றிருந்தால், அல்லது கைப்பிடியாகப் பற்றியிருந்தால், இக்கட்டுரை வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கும். நனைந்த மனித உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். 230ஐ 1,000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லிஆம்பியர். 10 மில்லிஆம்பியரைத் தாண்டினாலே தசைகள் இறுகிப் பிடித்த பொருளை விட இயலாது போகலாம். நூறை நெருங்கினால் இதயம் தாளந்தவறித் துடிக்கத் தொடங்கும். கெண்டிக்கு 10 ஆம்பியர் வேண்டும்; மனிதனைச் சாய்க்க அதில் நூறில் ஒரு பங்கு போதும்.

அன்று மாலை அக்காள் யாரிடமும் கேட்கவில்லை. தாமே கீழ்த்தளத்துக்குச் சென்று, அண்டை வீட்டார் பரிந்துரைத்த உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்து வந்தார். சீனப் பெரியவர், நம்மோடு மலாயில் பேசினார். இஸ்திரிப் பெட்டியின் உடலில் டெஸ்ட் பென்னை வைத்தார். அதன் சிறு விளக்கு செவ்வொளி காட்டியது. பிளக்கைத் திறந்து பார்த்தவர் அத்தானை ஒருமுறை நிமிர்ந்து நோக்கினார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மின்பெட்டியைத் திறந்து, "இங்கே மின்கசிவுத் துண்டிப்பான் இல்லையே" என்றார்.

இக்கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆர்.சி.சி.பி. என்று அழைக்கப்படும் இது, மின்னோட்டக் கம்பி வழியே உள்ளே வரும் மின்சாரத்தையும் நடுநிலைக் கம்பி வழியே திரும்பும் மின்சாரத்தையும் இடைவிடாது ஒப்பிடுகிறது. தொழிற்சாலைக்குள் சென்ற பாலும் வெளிவந்த கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் கிராணியார் பேரேட்டை மூடிவிட்டு எழுவதில்லையா? அதுபோல, வந்ததில் 30 மில்லிஆம்பியர் திரும்பாமல் யாரோ ஒருவர் உடல் வழியே மண்ணுக்குச் சென்றால், கண்ணிமைக்கும் நேரத்தில் வீட்டின் மின்சாரத்தையே துண்டித்துவிடும். சிங்கப்பூரில் புதிய வீடுகளுக்கு 1985 ஜூலை முதல் இது கட்டாயமாயிற்று. அத்தானின் வீடு அதற்கு முந்தியது. பழைய வீடுகளையும் விதி 2023இல் எட்டியது. ஈராண்டு அவகாசம் கழிந்து, 2025 ஜூலை 1 முதல் அங்கு எல்லாக் குடியிருப்புகளிலும் இக்கருவி இருந்தாக வேண்டும். இருப்பினும் இதனைத் தெய்வமாக எண்ணிவிடலாகாது. ஒரு கையால் மின்னோட்டக் கம்பியையும் மறு கையால் நடுநிலைக் கம்பியையும் பற்றியவரை இது காப்பாற்றாது; கணக்கு நேராக இருப்பதாகவே அது எண்ணிக்கொள்ளும்.

நம் லயங்களிலும் குடியிருப்புகளிலும் இந்தப் பெட்டி உண்டா என்று இன்றே திறந்து பாருங்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஆணியில் சுற்றி இழுத்த கம்பி, ஈரத் துணி காயும் மின்வடம், மழையில் நனையும் கொல்லைப்புறச் செருகி ஆகியவற்றை நாம் பல தோட்டங்களில் கண்டிருக்கிறோம். பல்பு மாற்றலாம், வடத்தின் நிறம் தெளிந்தால் பிளக் மாற்றலாம், சுவருக்குள் செல்லும் கம்பி வயர்மேனுக்கு உரியது. துண்டிப்பான் அடிக்கடி விழுந்தால், அதைக் கட்டிவைக்காமல், எல்லாச் சாதனங்களின் பிளக்கையும் கழற்றிவிட்டுத் துண்டிப்பானை ஏற்றி, பின் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுவே குற்றவாளி. ஒன்றும் செருகாமலே விழுந்தால் கோளாறு சுவருக்குள் இருக்கிறது. ஒருவர் மின்கம்பியைப் பற்றித் தவிப்பதைக் கண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் பிரதான சுவிட்சை அணையுங்கள். அது இயலாதெனில், உலர்ந்த பலகையின் மீது நின்று உலர்ந்த மரக்கோலால் கம்பியைத் தள்ளுங்கள். வெட்டவெளியில் அறுந்து விழுந்த கம்பியாயின் அதுவும் கூடாது; விலகி நின்று மின்வாரியத்துக்குச் சொல்லியனுப்புங்கள்.

அக்காளைக் காத்தது ரப்பர்ச் செருப்பு என்று சொன்னோமல்லவா? நீங்கள் வெட்டும் பால், கந்தகம் சேர்த்துப் பதமாக்கப்பட்டு, பிளாஸ்டிக் வருமுன்னர் உலகெங்கும் வீட்டு மின்கம்பிகளின் உறையாக விளங்கியது. அதற்கும் முன்னர், மலாயாக் காடுகளில் கிடைத்த கெத்தா பெர்ச்சா என்னும் மற்றொரு மரத்துப் பாலின் மாதிரிகளை மாண்ட்கோமரி என்னும் மருத்துவர் 1843இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு அனுப்பினார். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் கிடத்திய தந்திக் கம்பியைப் போர்த்தியது அப்பாலே. ஆயினும் தேய்ந்து ஓட்டை விழுந்த ஈரச் செருப்பை நம்பி எவரும் மின்சாரத்தைத் தொட வேண்டா.

பிடோக் வீட்டில் இப்போது துண்டிப்பான் இருக்கிறது. அதில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். கருவி விழுந்தால் நலமாயிருக்கிறது என்று பொருள். மாதத்தின் முதல் நாள் அக்காள் அதை அழுத்துகிறார். வீடு இருளும்போதெல்லாம் அத்தான் தொலைக்காட்சியின் முன்னிருந்து, "யாரது?" என்று கேட்கிறார்.