செயலியைச் சோதிக்க வருவோரிடம் குறையைக் கூறுங்கள்

கைப்பேசியில் இயங்கும் வேளாண் செயலியை வெளியிடுமுன், அதை விவசாயிகளிடம் கொடுத்துச் சோதிப்பதுண்டு. அப்போது மரியாதைக்காக "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் குறை மறைந்துவிடும். பின்னால் நட்டம் உங்களுக்கே.

எடுத்துக்காட்டாக, களைக்கொல்லியின் அளவு எக்டருக்கு எனக் காட்டியிருக்கும். அதை ஏக்கருக்கு என எடுத்துக்கொண்டால் மருந்து ஏறத்தாழ 2.5 மடங்காகிவிடும். பயிர் கருக நேரிடும், பணமும் வீண்.

எனவே சோதனையின்போது கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. உங்கள் சொந்தக் கைப்பேசியில், வயலில் வெயிலில் நின்று இயக்கிப் பாருங்கள். எழுத்து தெரிகிறதா, சிக்னல் கிடைக்கிறதா என்பது அங்கேதான் புலப்படும்.

2. எதை அழுத்துவது என்று கேட்காதீர்கள். மனதில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நீங்கள் தடுமாறும் இடத்தைத்தான் அவர்கள் அறிய வேண்டும்.

3. "இதைப் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டால், சென்ற பருவத்தில் உண்மையில் என்ன செய்தீர்கள் என்பதைக் கூறுங்கள்.

4. வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி. ஆகியவற்றைக் கொடுக்க வேண்டாம்.

ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று இத்துறை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டில் எழுதினார். அந்த ஐவரில் நீங்களும் ஒருவராகலாம். தடுமாறினால் வெட்கப்பட வேண்டாம். திருத்த வேண்டியது செயலியையே.