விழித்திருக்கையிலேயே ட்யூப்

ஜிஎஸ்டி சாலையிலும் மாமல்லபுரம் கடற்கரைச் சாலையிலும் விழுந்து தாடை நொறுங்கியவர்கள், மாவாவும் பாக்கும் மென்று வாய் இறுகி இரண்டு விரல்கூட நுழையாதவர்கள்: செங்கல்பட்டு மயக்கவியல் பணியில் இரு தரப்பையும் பார்க்கலாம். இவர்களை முதலில் மயக்கிவிட்டு அப்புறம் மூச்சுக்குழாயைத் தேடக்கூடாது. அவர்களுடைய சொந்த மூச்சுதான் நம் கையிலுள்ள பாதுகாப்பு.

செய்ய வேண்டியவை

• முதலில் பேசுங்கள். "அண்ணே, தொண்டையை மரத்துப்போக வைக்கிறோம். இருமல் வரும், மூச்சு நிக்காது. ட்யூப் போனதும் பேச்சு வராது, உடனே தூங்க வெச்சிருவோம். முடியலன்னா கையைத் தூக்குங்க." தூக்கினால் உண்மையிலேயே நிறுத்துங்கள்.

• கிளைக்கோபைரோலேட்டை முன்னதாகவே கொடுங்கள். எச்சில் ஊறும் வாயில் மருந்து ஒட்டாது.

• கொடுத்த லிக்னோகெயினின் மொத்த அளவைக் கணக்கிட்டுக்கொண்டே வாருங்கள். பிரிட்டனின் 2019 வழிகாட்டுதல்படி உச்சவரம்பு கிலோவுக்கு 9 மி.கி.; எடையில் கொழுப்பைச் சேர்க்கக்கூடாது. 50 கிலோவுக்கு 450 மி.கி. 4% மருந்தில் ஒரு மில்லிக்கு 40, 10% ஸ்ப்ரேயில் ஓர் அழுத்தத்துக்கு 10. ஜெல்லியும் கணக்கில் சேரும். பலர் மறப்பது அதைத்தான்.

• தொடக்கம் முதல் முடிவுவரை மூக்கு வழியே ஆக்சிஜன்.

• கழுத்தைத் திறக்க நேர்ந்தால் எங்கே என்று முன்பே குறித்து, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பக்கத்திலேயே நிறுத்துங்கள்.

• ட்யூப் மூச்சுக்குழாய்க்குள் இருப்பதை ஸ்கோப்பில் பாருங்கள், கேப்னோகிராஃபில் அலை வரட்டும். இரண்டும் சரியென்றால்தான் மயக்கம்.

செய்யக்கூடாதவை

• மரத்துப்போகாத தொண்டையை மிடசோலம், ஃபென்டனில் ஏற்றிச் சமாளிக்காதீர்கள். விபரீதம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. நோயாளி அடங்கியது போலத் தெரியும். அடங்கியது மூச்சாக இருக்கும்.

• மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் மூக்கு வழியே போகாதீர்கள்.

• ரத்தம் நிறைந்த வாயில் ஸ்கோப்போடு மல்லுக்கட்டாதீர்கள்; எதுவும் தெரியாது. மூன்று முயற்சி, மூத்தவர் கையில் இன்னொன்று, அதோடு சரி.

• உதடு மதமதப்பு, காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை என்று சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். மருந்தை நிறுத்துங்கள், 20% லிப்பிட் எமல்ஷன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

• அடுத்த கேஸ் காத்திருக்கிறது என்று ட்யூபை எடுக்காதீர்கள். முழுதாக விழிக்கட்டும். தொண்டை மரத்து இரண்டு மணி நேரமாவது ஆகும்வரை தண்ணீர்கூடக் கூடாது.

• வெறும் டிஸ்சார்ஜ் சீட்டோடு அனுப்பாதீர்கள். "இவருக்கு ட்யூப் போடுவது கடினம், விழிப்பில் போடப்பட்டது" என்று தமிழிலும் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை எந்த ஊரில் சேர்ப்பார்களோ, சீட்டை நீட்டப்போவது வீட்டுக்காரர்கள்தான்.