நீண்ட ஆயுள் செய்திகளை உரைத்துப் பார்ப்போம்

இன்ன பழத்தை உண்டால் நூறாண்டு வாழலாம், இன்ன ஊரார் நோயையே அறியாதவர்கள் என்பன போன்ற செய்திகள் நம் இல்லங்களுக்குள் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. கேட்க இனிமையாக இருப்பதாலேயே ஒரு செய்தி உண்மையாகி விடுமா? தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால், அறியாமையால் பிறருக்குத் தீங்கு செய்துவிடாதபடி அதைத் தீர விசாரிக்க வேண்டும் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆவது வசனம் நமக்குத் தரும் கட்டளையாகும்.

உணவைப் பற்றிய செய்தியிலும் நம் முன்னோர் இந்த விழிப்பைக் கைவிடவில்லை. கத்தரிக்காய் எதற்காக உண்ணப்பட்டாலும் அதற்குப் பலன் தரும் என்ற பொருளில், நபி (ஸல்) அவர்களின் பெயரால் ஒரு சொல் உலவி வந்தது. இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்), இப்னுல் கய்யிம் (ரஹ்) போன்ற இமாம்கள் அதை இட்டுக்கட்டப்பட்டது எனத் தள்ளிவிட்டனர். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், சொன்னது அனுபவத்தோடு ஒத்திருக்கிறதா என்று அவர்கள் பார்த்தார்கள். அதே முறையில் புகழ்பெற்ற ஒரு செய்தியை நாமும் உரைத்துப் பார்ப்போம்.

பாகிஸ்தானின் வடகோடியில் ஹூன்ஸா என்றொரு மலைப் பள்ளத்தாக்கு உண்டு. அங்குள்ளோர் ஆப்ரிகாட் பழத்தையும் அதன் பருப்பையும் உண்பதால் 120 வயதையும் தாண்டி வாழ்கின்றனர், புற்றுநோயே அவர்களை அணுகுவதில்லை என்று பலர் எழுதினர்.

முதற் கேள்வி: வயதுக்குச் சான்று என்ன? அம்மக்களின் புருஷஸ்கி மொழிக்கு அன்று எழுத்து வழக்கே இல்லை. பிறப்புப் பதிவேடும் இல்லை. முதியவர் சொன்னதே வயது. இதே புகழ் பெற்ற மற்றோர் ஊர், தென்னமெரிக்காவின் ஈக்வடார் நாட்டிலுள்ள வில்கபாம்பா. அங்கே பதிவேடுகள் இருந்தன. மேஸஸ், ஃபோர்மன் என்னும் ஆய்வாளர்கள் அவற்றை ஒப்பிட்டு 1979-இல் முடிவை வெளியிட்டனர். நூறு வயதை எட்டியவர் ஒருவர்கூட அங்கு இல்லை! எழுபதைக் கடந்தபின் பலர் வயதைக் கூட்டிச் சொல்லி வந்தது தெரிந்தது.

இரண்டாவது: உடன் வாழ்ந்தவர் என்ன சொல்கிறார்? சில நாள் விருந்தினராகச் சென்ற பலர் ஹூன்ஸாவைப் புகழ்ந்தனர். 1950-களின் தொடக்கத்தில் அங்கே தங்கி மருந்தகம் நடத்திய அமெரிக்க நிலவியலாளர் ஜான் கிளார்க், மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் குடற்புழுவும் கண்ட நோயாளிகள் ஏராளமாக வந்ததை 1956-இல் தம் நூலில் எழுதினார்.

மூன்றாவது: காரணம் அதுதானா? மலையேறி உழைப்பவர், அளவோடு உண்பவர் திடமாக இருந்தால், அந்தப் பெருமையைப் பழத்துக்கு மட்டும் கொடுப்பது எப்படி முறையாகும்?

நான்காவது: சோதித்துப் பார்த்தார்களா? ஆப்ரிகாட் பருப்பிலுள்ள அமிக்டலின் என்ற பொருளையும், அதைச் சார்ந்த 'லேட்ரில்' மருந்தையும் புற்றுநோய்க்கு மருந்தென விற்றனர். அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, 1982-இல் முடிவை வெளியிட்டனர். நோய் குணமாகவில்லை, சிலரது இரத்தத்தில் சயனைடு நஞ்சு அபாய அளவை நெருங்கியது. அந்தப் பருப்பு உடலுக்குள் சயனைடை வெளியிடக் கூடியது.

இங்கேதான் நாம் அஞ்ச வேண்டும். பொய்யான வயதுக் கணக்கை நம்புவதால் மட்டும் பெரிய நஷ்டமில்லை. அதை நம்பி வீட்டிலுள்ள பெரியவர் சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்தினால், கட்டி கண்ட தாய் மருத்துவரிடம் போகாமல் மாதங்களைக் கழித்தால், அந்த நஷ்டத்தை யார் ஈடு செய்வது? நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழியல்லவா?

ஆப்ரிகாட் பழத்தை இறைவன் தந்த நல்லுணவாக உண்போம். பருப்பை மருந்தென்று தின்ன வேண்டாம். அடுத்த முறை இத்தகைய செய்தி வரும்போது, பிறருக்குச் சொல்லுமுன் இந்த நான்கு கேள்விகளையும் கேட்போம். ஆயுளின் தவணை அல்லாஹ்விடம் உள்ளது; செய்தியை ஆராயும் பொறுப்போ நம்மிடம் உள்ளது. உண்மையை அறிந்து நடக்கும் பாக்கியத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.