பயிர் சாவது வேறு, ஊர் சாவது வேறு

மழை பொய்த்தது, பயிர் கருகியது, பஞ்சம் வந்தது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் பயிர் கெடுவதற்குக் காரணம் வானம், பூச்சி, நோய். அது பஞ்சமாக மாறுவதற்குக் காரணம் அதற்குப் பிறகு மனிதர்கள் செய்ததும் செய்யாமல் விட்டதும்தான். இந்தப் பாடத்தில் இரண்டு பஞ்சங்களைப் பார்ப்போம். ஒன்று நம்முடைய தாது வருஷப் பஞ்சம், 1876-78. இன்னொன்று 1845ல் தொடங்கிய அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சம்.

வங்கியில் வேலை பார்த்த காலமெல்லாம் விவசாயக் கடன் கணக்குப் பார்த்தவன் நான். இப்போது சிதம்பரம் பக்கத்தில் சம்பாவும் உளுந்தும் போடுகிறேன். அதனால் என் கேள்வி கொஞ்சம் கணக்குக்காரன் கேள்வியாக இருக்கும்: மழை திரும்பி வந்த அன்று உழவன் கையில் என்ன மிச்சம் இருந்தது?

தாது வருஷம்

1876ல் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, நம்மை வாழவைக்கும் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் என்று தெற்கும் தக்காணமும் காய்ந்தன. இரண்டு ஆண்டுகளில் இறந்தவர்கள் 55 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அப்போது நாட்டில் தானியமே இல்லையா? இருந்தது. பஞ்சம் நடந்த அதே காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு சுமார் 3,20,000 டன் கோதுமை ஏற்றுமதியானது. ரயில் வந்துவிட்டால் பஞ்சம் வராதுன்னு நம்பினார்கள். ரயில் தானியத்தை நல்ல விலை கிடைக்கும் ஊருக்குக் கொண்டுபோனது. காசில்லாத ஊருக்கு அது எதற்குப் போகும்?

விளைச்சல் போனதும் முதலில் விழுந்தவர்கள் நிலக்காரர்கள் இல்லை. நடவும் களையும் அறுப்பும் இல்லாமல் கூலி இழந்த விவசாயத் தொழிலாளிகள், துணி வாங்க ஆளில்லாமல் தறியை நிறுத்திய நெசவாளிகள், கைத்தொழில் செய்பவர்கள்தான். தானியம் விலை ஏறும்போது அவர்கள் கையில் காசு இறங்கியது. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981ல் எழுதிய நூலில் விளக்கியதும் இதைத்தான்: உணவு இருப்பது வேறு, அதை வாங்கும் வழி இருப்பது வேறு.

450 கிராம் கூலி

இந்தக் கதையில் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1873-74ல் பீகாரில் பயிர் பொய்த்தபோது இவர் பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்து எல்லோருக்கும் சேர்த்தார். சாவு மிகக் குறைவு. அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, ‘அநாவசியச் செலவு செய்தார்’ என்ற கண்டனம்.

அதே டெம்பிள் 1877ல் நம் பக்கம் அனுப்பப்பட்டார். இந்த முறை சிக்கனம். நிவாரண வேலையில் நாள் முழுக்க உழைக்கும் ஓர் ஆணுக்கு 450 கிராம் தானியமும் ஒரு அணாவும் கூலி என்று குறைத்தார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. மண் வெட்டிச் சுமக்கும் உடம்புக்கு இது போதாது, குறைந்தது 680 கிராம் தானியம், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். பிறகு மாகாண அரசு அளவை ஓரளவு உயர்த்தியது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி 1877-78ல் இப்படிப்பட்ட நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான்.

பீகாரில் முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? ஆளும் ஒன்று, அரசும் ஒன்று. மாறியது கொள்கை.

ஒரே கிழங்கு, ஒரே ரகம்

அயர்லாந்தில் வறட்சி இல்லை. பின் கருகல் நோய் என்று இன்று ஊட்டி, கொடைக்கானல் உருளை விவசாயிகள் சொல்கிற அதே நோய் 1845ல் அங்கே பரவியது. ஏழைக் குடும்பங்கள் குத்தகைத் துண்டு நிலத்தில் உருளையை மட்டும் நம்பி வாழ்ந்தார்கள். அதிலும் ‘லம்பர்’ என்ற ஒரே ரகம் பெரும்பகுதி. கிழங்கை வெட்டி நட்டே பெருக்குவதால் எல்லாச் செடிக்கும் ஒரே குணம். ஒன்றைத் தாக்கிய நோய்க்கு மற்றது தடையாக நிற்கவில்லை.

அங்கேயும் கோதுமையும் ஓட்ஸும் விளைந்தன. அவை குத்தகை கட்டுவதற்கு. பட்டினிக்கு நடுவிலேயே தானியமும் கால்நடையும் கப்பலேறின. 1847ல் ஒரு சட்ட விதி வந்தது: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர் அதை ஒப்படைத்தால்தான் நிவாரணம். சோறு வேண்டுமா, நிலம் வேண்டுமா என்று கேட்டார்கள். பசித்தவன் என்ன பதில் சொல்வான்?

சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதைவிட அதிகமானோர் கப்பலேறிப் போனார்கள். 1841ல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851ல் 66 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. இன்றுவரை அந்தத் தீவு பழைய எண்ணிக்கையை எட்டவில்லை. ஐரிஷ் மொழி பேசிய ஏழைக் கிராமங்கள்தான் அதிகம் காலியாயின, அதனால் மொழியும் தேய்ந்தது. அந்த நிவாரணச் செலவை லண்டனில் இருந்து நிர்வகித்த சார்லஸ் ட்ரெவெல்யன், 1859ல் நம் சென்னை மாகாணத்துக்கே கவர்னராக வந்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

நம் ஆட்களும் கப்பலேறினார்கள். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் பெரும் கூட்டம் போனது. அந்தக் காப்பியிலோ 1869லேயே துரு நோய் கண்டிருந்தது. 1880களில் காப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. ஒற்றைப் பயிரின் கதை அங்கேயும் அவர்களை விடவில்லை.

விற்கும் வரிசை

பயிர் போன வீட்டில் பொருள் வெளியே போவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நகை, பாத்திரம். அடுத்தது ஆடு, மாடு. அப்புறம் விதைநெல். பிறகு நிலம். கடைசியில் ஊரையே விட்டுப் போவது. மாடு வரைக்கும் போனவர் மீள்வது கடினம். நிலம் வரைக்கும் போனவர், மழை வந்தாலும் இன்னொருவர் வயலில் கூலிக்குத்தான் இறங்குவார். உறவும் இதில் அறுந்துபோகிறது. பசித்து வந்தவளைப் பிறந்த வீடு ஏற்காத நல்லதங்காள் கதையை நம் கிராமங்கள் சும்மாவா சொல்லிவருகின்றன?

பஞ்சத்துக்குப் பின் அரசும் பாடம் படித்தது. 1880ல் பஞ்ச ஆணைய அறிக்கை, அதைத் தொடர்ந்து பஞ்ச விதிகள், 1883லும் 1884லும் தக்காவிக் கடன் சட்டங்கள், 1904ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம். ஆக, விவசாயக் கடன் என்பதே இந்த வரிசையை நடுவில் நிறுத்தத்தான் வந்தது. நல்ல கடன் எது என்பதற்கு அளவுகோலும் அதுவே: மாடும் விதையும் நிலமும் வீட்டிலேயே நிற்க வேண்டும்.

நம் மாவட்டத்தில்

வள்ளலார் 1867ல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. யார், என்ன என்று கேட்காமல், வேலை வாங்காமல் சோறு போடும் இடம். டெம்பிள் கூலிக்குப் பத்து வருஷம் முன்பே நம் மண் சொன்ன பதில் அது.

நீரும் ஒரு பதில். காவிரிப் பாசனம் பெற்ற தஞ்சைப் பகுதி தாது வருஷத்தில் பெரும்பாலும் தப்பியது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்கு இன்று தண்ணீர் தருவது 1836ல் கொள்ளிடத்தில் கட்டிய கீழணையும் வீராணம் ஏரியும்தான். ஏரியும் வாய்க்காலும் பஞ்சத்துக்கு எதிரான சேமிப்புக் கணக்கு.

இன்று ரேஷன் கடை இருக்கிறது, பட்டினிச் சாவு வராது. ஆனால் விற்கும் வரிசை அப்படியேதான் இருக்கிறது. 2011 டிசம்பர் 30ல் தானே புயல் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. நெல் சாய்ந்தால் அடுத்த பருவம் உண்டு. முந்திரி சாய்ந்தால் கன்று வைத்துக் காய்க்க ஆண்டுகள் ஆகும். வட்டி அதுவரை காத்திருக்காது. நெல் வயலிலும் நாம் என்ன செய்கிறோம்? ஊர் முழுக்க ஒரே ரகத்தை நட்டுவிட்டு, குலைநோய் வந்தால் கூட்டமாக மருந்துக்கடைக்கு ஓடுகிறோம்.

மாதக் கூட்டத்தில் பேச

1. உங்கள் ஊரில் இந்தச் சம்பாவில் எத்தனை நெல் ரகம்? குடும்பத்துக்கு இரண்டு ரகமாவது பிரித்து நட முடியுமா? தண்ணீர் தேங்கும் மடையில் பூங்கார் போல வெள்ளம் தாங்கும் ரகத்தை வைக்க முடியுமா?

2. விதைநெல் வீட்டில் இருக்கிறதா, கடையில் இருக்கிறதா? சங்கத்துக்கு ஒரு பொது விதைக் குதிர் வைத்தால் பொறுப்பு யாருக்கு?

3. வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு வருஷத்து நெல்லை எடுத்துவைத்துவிட்டு மீதியை விற்கிறோமா?

4. முந்திரித் தோப்பில் ஊடே கேழ்வரகு, மணிலா, பயறு என்று ஆண்டுக்குள் காசு தரும் பயிர் என்ன போடலாம்?

5. நம் வயலில் கூலிக்கு வருபவர்களுக்கு, பயிர் கெட்ட வருஷத்தில் என்ன வழி? முதலில் விழுவது அவர்கள்தான். ஏரி, வாய்க்கால் தூர்வாரும் வேலையைக் கோடையிலேயே ஊராட்சியில் கேட்டு வாங்கி வைக்கலாமா?

ஐந்தாவது கேள்விக்கு நேரம் அதிகம் ஒதுக்குங்கள். மற்ற நான்கும் நம் நிலத்தைக் காப்பாற்றும். இதுதான் ஊரைக் காப்பாற்றும்.