மலைக்கு வண்டி எடுக்கும் பிள்ளைகளுக்கு

தம்பி, மருமகளே,

புது வண்டியின் முதல் நெடும்பயணமாகத் திருமலைக்குப் போய்ச் சின்னவனுக்கு மொட்டை போட்டுவிட்டு, திரும்பும் வழியில் சித்தூரில் நம் வீட்டுக்கும் வருவதாகப் போனில் சொன்னீர்கள். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உங்கள் பெரியப்பா இருந்தவரை இந்தச் சாலைகளில் அவர்தான் ஓட்டினார். நான் குழந்தைகளோடும் மாமியாரோடும் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தேன். ஓட்டுகிறவர் கண் சாலையில் இருக்கும். வண்டிக்குள் யார் முகம் வாடுகிறது, யார் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள் என்பது பின்சீட்டுக்காரிக்குத்தான் தெரியும். அங்கிருந்து கண்டதை எழுதுகிறேன்.

1. நான்கு நாள் ஒதுக்குங்கள். சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி 140 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பி, அன்றைக்கே மலையேறி, தரிசனம் முடித்து, மறுநாள் வீட்டில் இருக்கலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். போடாதீர்கள். முதல் நாள் கீழ்த்திருப்பதியில் தங்குங்கள். இரண்டாம் நாள் மலை. மூன்றாம் நாள் சந்திரகிரி, காணிப்பாக்கம் பார்த்துக்கொண்டு சித்தூர். நான்காம் நாள் நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ராணிப்பேட்டை வழியாக ஊர் போய்ச் சேருங்கள்.

2. இதுதான் எனக்கு முக்கியம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, யாரும் கேட்காமலே வண்டியை நிறுத்துங்கள்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு மே மாதம் வாடகை அம்பாசடரில் எட்டு பேர் போனோம். சாயங்காலத்துக்குள் மலை ஏறிவிட வேண்டும் என்று ஒரே வேகம். புத்தூர் தாண்டியதும் என் மாமியார் என் தோளில் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். கையைத் தொட்டால் கொதித்தது, உதடு வெடித்திருந்தது. ஒரு வேப்பமரத்தடியில் இறக்கி, முகத்தில் தண்ணீர் தெளித்து, உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். அரை மணி கழித்துப் பேச்சு வந்தது. முதல் நாள் இரவிலிருந்தே அவர் தண்ணீர் குடிக்கவில்லையாம். குடித்தால் வழியில் ஒதுங்க வேண்டியிருக்கும், ஆம்பளைகளிடம் வண்டியை நிறுத்து என்று எப்படிச் சொல்வது என்று நினைத்திருக்கிறார்.

நம் வீட்டுப் பெரிய பெண்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். தம்பி, உன் அம்மாவும் செய்வாள், அவள் என் தங்கை, எனக்குத் தெரியும். 'வேண்டுமா?' என்று கேட்டால் 'வேண்டாம்ப்பா, நீ போ' என்பாள். ஆகவே கேட்காதே. நல்ல கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்கோ ஓட்டலோ கண்ணில் பட்டால் நிறுத்து, 'எனக்குக் கால் மரத்துப்போச்சு' என்று சொல்லி நீ முதலில் இறங்கு. மருமகள் மாமியார் கையைப் பிடித்துக் கூட்டிப் போகட்டும். வண்டியில் ஏறியதும் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீரோ மோரோ கையில் கொடுத்துவிடுங்கள். கோடையில் இந்தப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும். ஏசி ஓடினாலும் உடம்பு வறளும். இரண்டு நிமிட வேலைதானே என்று குழந்தையைப் பூட்டிய வண்டிக்குள் விட்டு இறங்கவே கூடாது.

3. திருத்தணியிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். ஆந்திராவில் பெட்ரோல் விலை அதிகம். பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

4. சின்னவனை முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளாதே மருமகளே. குழந்தை சீட் ஒன்று வாங்கிப் பின்னால் கட்டிவிடுங்கள். திடீரென்று பிரேக் போட்டால் எந்தத் தாயின் கைப்பிடியும் நிற்காது.

5. வழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போங்கள். பெரியவளுக்கு எட்டு வயதாகிறது, போனைக் கொடுத்து உட்காரவைத்துவிடாதீர்கள். நான் பிறந்தபோது திருத்தணி எங்கள் சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. முதலானோர் போராடி, படாஸ்கர் தீர்ப்பு வந்து, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் மாநில எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். அந்தக் கோட்டைத் தாண்டும்போது அவளுக்கு இதைச் சொல்லுங்கள். நகரியில் வண்டியின் வேகத்தைக் குறைத்து மலையைக் காட்டுங்கள். மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாறையைக் கடலிலிருந்தே அடையாளம் கண்டு, 'நகரி மூக்கு' என்று கப்பல்காரர்கள் பெயர் வைத்தார்கள். எலும்பு முறிந்தால் நம் ஆட்கள் ஓடுகிற 'புத்தூர் கட்டு' அடுத்து வரும் புத்தூர்க்காரர்களுடையது. நாராயணவனம் அங்கிருந்து பக்கம்தான். சீனிவாசனுக்கும் பத்மாவதிக்கும் கல்யாணம் நடந்த ஊர் என்பார்கள். மலையில் வரிசையில் நசுங்குவதற்கு முன்னால் இந்த அமைதியான கோயிலில் உன் அம்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்து வரட்டும்.

6. பொழுது சாய்ந்தபின் ஓட்ட வேண்டாம். கிராமத்துச் சாலை பகலில் ஒன்று, இருட்டில் வேறொன்று. பின்விளக்கு இல்லாத டிராக்டர், மேய்ச்சலிலிருந்து திரும்பும் எருமைகள், அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையை அடைத்துக் காயும் நிலக்கடலையும் கேழ்வரகும், அவற்றின் ஓரத்தில் வரிசையாக வைத்த கற்கள். தானியத்தை எடுத்துக்கொண்டு போனபின்னும் கல் சாலையிலேயே கிடக்கும். மாங்காய்க் காலம் தொடங்கிவிட்டால் சித்தூர்ப் பக்கத்துக் கூழ் ஆலைகளின் வாசலில் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் சாலையோரமே வரிசை கட்டி நிற்கும். லோடு இறக்க ஒரு நாளுக்கு மேலும் காத்துக்கிடக்கும் விவசாயி வண்டிக்கடியில் நிழல் தேடிப் படுத்திருப்பார். அந்த இடத்தில் ஹாரன் அடித்து விரட்டாமல் மெதுவாக ஒதுங்கிப் போ தம்பி. உன் தாத்தாவும் அப்படிக் கிடந்தவர்தான்.

ஆர்ஸ்லி மலை, மதனப்பள்ளி என்று ஆசை வந்தாலும் பகலிலேயே போய்த் திரும்புங்கள். அந்த வழியிலுள்ள பாக்கராப்பேட்டை மலைப்பாதையில் 2022 மார்ச்சில் நிச்சயதார்த்தத்துக்குப் போன குடும்பத்தின் பஸ் இரவில் பள்ளத்தில் விழுந்தது. பலமநேர் போகும் வழியில் மொகிலி இறக்கமும் அப்படிப்பட்ட இடம்தான்.

7. திருமலை மலைப்பாதையில் அவசரத்துக்கு இடமே இல்லை. ஏற ஒரு சாலை, இறங்க ஒரு சாலை. 1944இல் போட்ட முதல் பாதை இப்போது இறங்குவதற்கு. 19 கிலோமீட்டரில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 1974இல் போட்ட இரண்டாவது பாதையில் ஏறுகிறோம். ஏற 28 நிமிடமாவது, இறங்க 40 நிமிடமாவது ஆக வேண்டும் என்று தேவஸ்தானம் விதித்திருக்கிறது. அதற்கு முன் போய்ச் சேர்ந்தால் அபராதம். நல்ல விதி அது. இறங்கும்போது இரண்டாவது கியரில் போடு. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பாதி மலையில் பிடிக்காமல் போகும். கருகிய வாசனை வந்தால் அகலமான ஓரம் பார்த்து நிறுத்தி ஆறவிடு, தண்ணீர் ஊற்றாதே.

குமட்டலுக்கு: வெறும் வயிறும் கூடாது, நெய்ப்பொங்கலும் கூடாது. இரண்டு இட்லி போதும். பெரியவள் தலையைக் குனியாமல் முன்கண்ணாடி வழியாகத் தூரத்துச் சாலையையே பார்த்து வரட்டும். வாயில் நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு. ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள், சேஷாசல மலைக்காற்றுக்கு ஈடு எதுவுமில்லை.

8. நடந்து ஏற வேண்டுதல் இருந்தால் விடியலில் ஏறுங்கள். அலிபிரி வழி 3,550 படி. ஸ்ரீவாரி மெட்டு வழி 2,388 படி, தூரம் குறைவு, செங்குத்து அதிகம். 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் பெற்றோருக்குச் சற்று முன்னால் ஓடிய ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் பிற்பகல் 2 மணிக்கு மேல் சிறுவர்கள் படியேறக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பெரியவளின் கையை ஒரு படியில்கூட விடக்கூடாது.

9. வழியில் யார் கொடுக்கும் மூட்டையையும் டிக்கியில் ஏற்றாதீர்கள், எவ்வளவு பாவமாக இருந்தாலும் சரி. இந்தக் காடு செம்மரம் கடத்தப்படும் காடு. வனத்துறைச் சோதனைச்சாவடியில் தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டைப் பார்த்து நிறுத்தினால் கோபப்படாமல் இறங்கி டிக்கியைத் திறந்து காட்டுங்கள். 2015 ஏப்ரல் 7 அன்று இந்தச் சேஷாசலத்தில் மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றார்கள். கூலிக்கு வந்த ஏழைகள். அந்தச் செய்தி வந்த நாள் நம் தெருவில் பல வீட்டில் உலை வைக்கவில்லை.

10. நாலு தெலுங்கு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். நீள்ளு என்றால் தண்ணீர், மஜ்ஜிக என்றால் மோர். எடம என்றால் இடது, குடி என்றால் வலது. வழி கேட்கும்போது கண்ணாடியை இறக்கி உட்கார்ந்தபடியே கேட்காமல் இறங்கி நின்று 'அன்னா', 'அம்மா' என்று கேளுங்கள். வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். 'இக்கடே', அதாவது இங்கேதான், என்று கை நீட்டினால் அது மூன்று கிலோமீட்டராகவும் இருக்கலாம். சித்தூர் நெருங்கினால் தமிழே போதும்.

11. சந்திரகிரியில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். விஜயநகர அரசர்களின் கடைசிக் காலத் தலைநகரங்களில் ஒன்று. நீங்கள் குடியிருக்கும் சென்னை உருவாக 1639இல் ஆங்கிலேயருக்கு ஒரு நாயக்கர் மணல்திட்டை எழுதிக்கொடுத்தாரே, அதை 1645இல் உறுதிப்படுத்திப் பட்டயம் கொடுத்தவர் இந்த வம்சத்து அரசர் ஸ்ரீரங்கர். ராஜமகால் மாடத்தில் பெரியவளை நிறுத்தி, உன் ஊர்ப் பத்திரம் இந்த ராஜா வீட்டுச் சமாச்சாரம் என்று சொல்லுங்கள். உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் முதலாம் குலோத்துங்கன் கட்டியது. கிணற்றில் தோன்றிய பிள்ளையார், அவர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய இந்த ஜில்லாவில் யாருக்கும் துணிச்சல் வராது. அங்கிருந்து நம் வீடு 12 கிலோமீட்டருக்குள்தான். கிளம்பும்போது எனக்குப் போன் செய்யுங்கள்.

12. விடுமுறை தள்ளிப்போய் நவம்பரில் வருவதானால் வானிலை பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2021 நவம்பரில் பெய்த மழையில் சுவர்ணமுகி ஆறு கரைபுரண்டது, ராயல செருவு ஏரி உடையும் என்று ஊர்களைக் காலிசெய்தார்கள், மலைப்பாதையில் பாறைகள் சரிந்தன. அறை பதிவு செய்தாகிவிட்டதே என்று மழைக்குள் வண்டியை விடாதீர்கள்.

13. மூன்றாம் நாள் இரவு கேழ்வரகு சங்கடியும் நாட்டுக்கோழிக் குழம்பும் செய்து வைக்கிறேன். உன் அம்மாவுக்குத் தனியாகக் கீரை கடைந்துவிடுகிறேன். மாடியில் வைக்கோல் பரப்பிப் பங்கனபள்ளி பழுக்க வைத்திருக்கிறேன். டிக்கியில் ஒரு கூடைக்கு இடமும், பழைய செய்தித்தாள் ஒரு கட்டும் வைத்துக்கொண்டு வாருங்கள்.