வீட்டுக்கு ஓர் இணைய இணைப்பு

கேள்வி: கைபேசி டேட்டாவே மலிவாகக் கிடைக்கும்போது, பிராட்பேண்ட் இணையத்தையும் மின்சாரம் போல அத்தியாவசியச் சேவையாக்க வேண்டுமா?
– வாசகர், தென்காசி

பதில்: கட்டாயம் வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே கைபேசியை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால், பிள்ளைகளுக்கு இணையம் இல்லை. கொரோனா கால ஆன்லைன் வகுப்புகளில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். கல்லூரி விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், வேலைவாய்ப்பு எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றிய அரசுக்கு, அந்த இணையத்தை எல்லோருக்கும் எட்டச் செய்யும் கடமையும் உண்டு.

பின்லாந்து 2010 ஜூலை 1 முதல், நொடிக்கு 1 மெகாபிட் வேக இணைப்பைக் குடிமக்களின் சட்ட உரிமையாக்கியது. கேரள உயர் நீதிமன்றம் 2019-இல், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. 2023 ஜூனில் கேரள அரசு கே-ஃபோன் என்ற இணையத் திட்டத்தைத் தொடங்கியது. மின்வாரியத்தின் கம்பங்களிலேயே ஃபைபர் கேபிள் போகிறது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. மற்றவர்கள் கட்டணம் செலுத்திப் பெறலாம்.

எல்லோருக்கும் இலவசமாகத் தர வேண்டியதில்லை. எந்த ஊரையும் ஒதுக்காத இணைப்பு, கட்டணத்துக்கு உச்சவரம்பு, பழுதைக் குறித்த காலத்துக்குள் சரிசெய்யும் பொறுப்பு ஆகிய மூன்றும் சட்டமாக வேண்டும். லாபம் இல்லாத மலைக்கிராமத்துக்குத் தனியார் தானாக வந்து கேபிள் இழுக்கமாட்டார்.

தமிழ்நாட்டில் ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் பாரத்நெட் பணியை டான்ஃபிநெட் நிறுவனம் செய்கிறது. அந்த இணைப்பு உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் வீடுகளுக்கும் எப்போது வரும் என்று கிராம சபையில் கேளுங்கள். தீர்மானமும் போடச் சொல்லுங்கள்.